கடற்கரையில் வேறு பொருள் கொள்ளும் அன்றாடச் சொற்கள்: கேட்கவும் புரிந்துகொள்ளவும் பதிவு செய்யவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளுக்கு முன்பு, இராமநாதபுரம் மாவட்டத்து மீனவ ஊர் ஒன்றில், காலிப் பனையோலைப் பெட்டியைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு மணலில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் நலம் விசாரித்தேன். "ஒரு வாரமா பாடே இல்ல, தம்பி" என்றார். துன்பம் எதுவும் இல்லை என்று சொல்வதாக எண்ணிக்கொண்டு, "நல்லதும்மா, சந்தோஷம்" என்றேன். அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடற்கரையில் பாடு என்றால் வலையில் கிடைத்த மீன். மீன்பாடு என்பதன் சுருக்கம். ஒரு வாரமாக வருமானமே இல்லை என்று சொன்னவரிடம் நான் மகிழ்ச்சி தெரிவித்திருக்கிறேன் என்பது மாலையில்தான் எனக்கு விளங்கியது.

கடலோர ஊர்களுக்குப் பணிமாற்றலாகிச் செல்லும் ஆசிரியர்கள், மருத்துவர்கள், கணக்கெடுப்பாளர்கள், செய்தியாளர்கள், வட்டாரச் சொல் சேகரிக்கும் மாணவர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். எட்டுப் படிகளாகப் பிரித்திருக்கிறேன். அவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் ஆறாவதும் மற்றவற்றைவிட முக்கியமானவை என்பது என் கருத்து.

படி 1: தெரிந்த சொல்லைச் சந்தேகியுங்கள்

நீங்கள் இதுவரை கேட்டே இராத சொல்லால் பெரிய தீங்கு நேராது. நீவாடு என்று ஒருவர் சொன்னால், அது என்னவென்று உடனே கேட்பீர்கள். கடல் நீரோட்டம் என்று விடை கிடைக்கும். நம்மைத் தவறாக வழிநடத்துபவை நாம் நாள்தோறும் புழங்குகிற எளிய சொற்களே. தொழில், மரம், மடி, பாய், பாகம், பங்கு போன்றவற்றைக் கேட்கும்போது நமக்குச் சந்தேகம் எழுவதில்லை. சந்தேகம் எழாத இடத்தில் கேள்வியும் பிறப்பதில்லை.

தொழில் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் தொழிலுக்குப் போவது என்றால் மீன்பிடிக்கக் கடலுக்குள் போவது என்றுதான் பொருள். "இன்னைக்குத் தொழில் இல்ல" என்று ஒருவர் சொன்னால், காற்றின் காரணமாகவோ ஊர்க் கட்டுப்பாட்டின் காரணமாகவோ அன்று படகு இறங்கவில்லை என்று பொருள். வீட்டு வாசலில் படிவத்தோடு நிற்கும் கணக்கெடுப்பாளர் அதைக் கேட்டு, வேலையற்றவர் என்று குறித்துக்கொண்டு போனால், நாற்பது ஆண்டுகளாகக் கடலோடு உழைத்தவர் அரசுக் கணக்கில் வேலையில்லாதவர் ஆகிவிடுவார்.

அதேபோல, "மரம் இன்னும் கரைக்கு வரல" என்ற சொல்லில் உள்ள மரம் கட்டுமரம். 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு கண்ணாடியிழைப் படகுகள் பெருகி, கட்டுமரங்கள் பல ஊர்களில் அருகிவிட்டாலும், முதியவர்களின் பேச்சில் அந்த மரம் இன்னும் மிதந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே முதல் வாரத்தில் பொருள் எதையும் எழுதாதீர்கள். நீங்கள் கேட்டவற்றுள் சற்றே பொருந்தாமல் ஒலித்த வாக்கியங்களை மட்டும் அப்படியே எழுதி வையுங்கள்.

படி 2: வேலை நடக்கும் இடத்தில், வேலையோடு சேர்த்துக் கேளுங்கள்

திண்ணையில் அமர்ந்து, "மடி என்றால் என்ன?" என்று கேட்டால், கேட்பவர் வெளியூர்க்காரர் என்ற மரியாதையில், அவருக்குப் புரியக்கூடிய பொருளையே சொல்லி அனுப்புவார்கள். அதே சொல்லைக் கரைவலை இழுக்கும் இடத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். கரையில் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்பவர்கள் வலையின் இரு கயிறுகளையும் இழுத்துக்கொண்டே மெல்ல மெல்ல நெருங்கி வருவார்கள். கடைசியில், மீன் அடைந்து கனத்த பை ஒன்று அலையைக் கிழித்துக்கொண்டு மணலுக்கு வரும். அந்தப் பைதான் மடி. குழந்தையைக் கிடத்தும் மடி, பசுவின் மடி, ஆசாரத்தைக் குறிக்கும் மடி என்று உள்நாட்டில் நாம் அறிந்த பொருள்களோடு வைத்துப் பார்த்தால், காசையோ வெற்றிலையையோ வேட்டி மடிப்பில் முடிந்துகொள்கிறோமே, அந்த மடிக்கே இது மிக நெருக்கமானது. வலை தன் மடியில் மீனைக் கட்டிக்கொண்டு வருகிறது. இதைக் கண்ணால் பார்த்தவருக்குச் சுருக்குமடி, இரட்டைமடி என்ற சொற்களை யாரும் விளக்க வேண்டியதில்லை: முதலாவது, மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடிக்கயிற்றைச் சுருக்கி மூடும் வலை, இரண்டாவது, இரண்டு விசைப்படகுகள் சேர்ந்து இழுக்கும் வலை.

ஆழத்தைச் சொல்லும் பாகம் என்ற சொல்லையும் இப்படித்தான் கற்றேன். "இருபது பாகத்துல வல விட்டோம்" என்று ஒருவர் சொன்னபோது, எதையோ இருபதாகப் பங்கிட்டதாக நினைத்தேன். என் குழப்பத்தைக் கண்ட முதியவர் ஒருவர் கயிற்றின் நுனியை இடக்கையில் பிடித்துக்கொண்டு, வலக்கையை முழுவதுமாக நீட்டி, கயிறு நெஞ்சின் குறுக்கே விறைப்பாக நிற்கும்படி இழுத்துக் காட்டினார். "இது ஒரு பாகம்" என்றார். பிறகு கயிற்றை நகர்த்தி மறுபடி நீட்டி, "இது ரெண்டு". விரித்த இரு கைகளின் நுனியிலிருந்து நுனி வரை உள்ள நீளம். ஏறத்தாழ 6 அடி. அப்படியானால் இருபது பாகம் என்பது சுமார் 36 மீட்டர் ஆழம். இதையே மார் என்றும் சொல்வதுண்டு. அளவு நெஞ்சின் குறுக்கே எடுக்கப்படுவதைப் பார்த்தவருக்கு அந்தப் பெயரின் காரணமும் சேர்ந்தே விளங்கும்.

உடல் செய்யும் வேலைகளைக் குறிக்கும் வினைச்சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். வலி என்றால் நமக்கு நோவு. கடலில் அது இழு என்னும் ஏவல். தண்டு (துடுப்பு) வலிப்பது, வலை வலிப்பது என்ற வழக்குகளில் பழந்தமிழின் வலித்தல், அதாவது இழுத்தல், அப்படியே உயிரோடு இருக்கிறது. கடலோர ஊரில் பணியாற்றும் மருத்துவர் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தால், "ராத்திரி பூரா வலிச்சேன்" என்று சொல்பவரிடம் எங்கே வலித்தது என்று கேட்பதற்கு முன், என்ன வேலை செய்தார் என்று கேட்பார். குளித்தல் என்பதும் அத்தகையது. முத்துக்குளித்தல், சங்கு குளித்தல் என்ற தொடர்களில் குளித்தல் என்பது மூழ்கிச் செல்வது. தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோய்விட்டாலும், சங்கு குளிப்பவர்கள் அந்தப் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் வரும் பார் என்ற சொல்லைப் பார் என்னும் ஏவலாகவோ உலகம் என்னும் பொருளிலோ கொள்ளக் கூடாது; அது கடலடியில் உள்ள பாறைத் திட்டு. முத்துச்சிப்பி விளைந்த திட்டுகளும் பார் என்றே அழைக்கப்பட்டன. பாய் என்பது காற்றை வாங்கும் துணி, அதைத் தாங்குவது பாய்மரம் என்பது பலருக்கும் தெரிந்ததே.

எனவே, ஒரு சொல்லைக் கேட்டதும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதை எப்போது சொல்வீர்கள்? யாரிடம் சொல்வீர்கள்? சொன்னதும் கை என்ன செய்யும்? பொருள் என்னவென்ற கேள்வியைக் கடைசிக்கு ஒதுக்குங்கள்.

படி 3: காற்றின் பெயர்களுக்குத் தனித் தாள் ஒதுக்குங்கள்

கடற்கரைச் சொற்களில் மிகவும் செழிப்பான பகுதி காற்று. வெளியூரார் மிகுதியாகத் தவறுவதும் இங்கேதான். சங்க இலக்கியம் நான்கு திசைக் காற்றுகளுக்கும் பெயர் வைத்திருந்தது: கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை. உள்நாட்டுப் பேச்சு இந்தப் பெயர்களின் திசையை மறந்துவிட்டது. கோடை ஒரு பருவமாகிவிட்டது. தென்றல் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இதமான காற்றாகிவிட்டது. வாடை என்றால் இன்று பெரும்பாலோருக்கு நாற்றம். கொண்டல் என்பது, கொண்டல் வண்ணன் என்னும் தொடரில் வருவதுபோல, மேகம் என்ற அளவில் ஏட்டில் நிற்கிறது. கடற்கரையில் மட்டும் வாடை இன்னும் வடக்குக் காற்றாகவும், கொண்டல் இன்னும் கிழக்குக் காற்றாகவும் வீசுகின்றன. கடற்கரையார் இந்தச் சொற்களின் பொருளை மாற்றிவிட்டார்கள் என்று சொல்வதைவிட, நாம்தான் மாற்றிக்கொண்டோம் என்பதே சரி. இதை உணர்ந்தபின், வட்டார வழக்கைக் கொச்சை என்று ஒதுக்கும் பழக்கம் எனக்கு அறவே போயிற்று.

மேற்குக் காற்றுக்குக் கோடை என்ற பழைய பெயருக்குப் பதிலாகக் கச்சான் என்ற பெயர் வழங்குகிறது. தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவது சோழகம். இலங்கைத் தமிழர் சோளகம் என்பார்கள். இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும், கச்சான் என்பது காற்றை மட்டுமன்றி நிலக்கடலையையும் குறிக்கும். கச்சான் வறுக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால் அது கடலை. கச்சான் எழும்பிவிட்டது என்றால் அது காற்று. வினைச்சொல்லே உங்களுக்கு வழிகாட்டும்.

தாளை இப்படித் தயாரியுங்கள். நடுவில் அந்த ஊரின் கரையை ஒரு கோடாக வரைந்து, எந்தப் பக்கம் கடல், எந்தப் பக்கம் நிலம் என்று குறியுங்கள். இது இன்றியமையாதது; ஏனெனில் ஒரே கச்சான், கிழக்குக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும்; மேற்குக் கடலைப் பார்த்திருக்கும் குமரி மாவட்ட ஊர்களில் கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். பெயர் ஒன்றாக இருந்தாலும், படகில் இருப்பவருக்கு அது செய்யும் காரியம் நேர்மாறானது. பிறகு ஒவ்வொரு காற்றையும் ஓர் அம்புக்குறியாக வரைந்து, எந்த மாதங்களில் வரும், எந்த மீனைக் கொண்டுவரும், வலையை என்ன செய்யும் என்று ஊரார் சொல்வதை எழுதுங்கள். நீரோட்டத்தைப் பற்றி எழுதும்போது மேலும் ஒரு கேள்வி அவசியம். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையால் பெயர் பெறுகிறது; அறிவியல் ஏடுகளில் நீரோட்டமோ எங்கே போகிறதோ அந்தத் திசையால் குறிக்கப்படுகிறது. ஆகையால், வடக்கு நீவாடு என்று யாராவது சொன்னால், வடக்கிலிருந்து வருவதா வடக்கே இழுப்பதா என்று கையைக் காட்டச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

படி 4: மீன் பெயர்களை மீனைப் பார்த்து எழுதுங்கள்

கணவாய் என்றால் மலையிடை வழி என்று பள்ளியில் படித்தோம். மீன் அங்காடியில் அது மை கக்கும் உயிரினம். வவ்வால் வெள்ளியாய் மின்னும் தட்டையான மீன். கத்தாழைக்கு முள் உண்டு, ஆனால் செடி அன்று. சென்னைக் கடற்கரையில் காரப்பொடி வாங்கி வரச் சொன்னால் மளிகைக் கடைக்குப் போகக் கூடாது. அது குழம்புக்கு ஏற்ற சிறு மீன். பாறை, நாக்கு, கிளி என்று இந்த வரிசை நீண்டுகொண்டே போகும். இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: மீனை ஒளிப்படம் எடுத்து, அதை விற்பவர் சொன்ன பெயரைப் படத்தோடு இணைத்து வையுங்கள். ஒரே மீன் வளரும் பருவத்தைப் பொறுத்துப் பெயர் மாறுவதும் உண்டு என்பதால், நீளத்தையும் குறித்துக்கொள்வது நல்லது.

படி 5: மீன் கரைக்கு வந்த பிறகு பேசப்படும் பணத்தின் மொழியைக் கவனியுங்கள்

கூறு என்றால் சொல் என்று பொருள். கடற்கரையில் அது மணலில் குவித்து வைத்த மீன். ஏலம் விடுபவர் விலை கூறுகிறார், மீனும் கூறாகக் கிடக்கிறது என்பதால், ஒரே சொல் இரண்டு வேலை செய்வதை ஒரே இடத்தில் கேட்கலாம். பங்கு இன்னும் நுட்பமானது. கிடைத்த வருமானத்தில் ஆளுக்கு, படகுக்கு, வலைக்கு என்று பிரிக்கப்படுவது பங்கு. கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஒரு கோயிலைச் சேர்ந்த இறைமக்கள் சமூகமும் பங்கு, அதன் குருவானவர் பங்குத்தந்தை. "பங்குல பேசி முடிச்சாச்சு" என்று சொன்னால், பேசி முடித்தது பணமா ஊர் வழக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வட்டிக்கு விட்டதை நாள்தோறும் வசூலிப்பதைத் தண்டல் என்று அறிந்திருப்பவர், தூத்துக்குடியில் தண்டல் வந்துவிட்டார் என்று கேட்டு அஞ்ச வேண்டாம். சரக்குத் தோணியின் தலைவருக்கு அதுவே பெயர். வாடி என்பது, இராமேசுவரம் பக்கத்திலும் இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரைகளிலும், மீனவர்கள் தங்கவும் கருவாடு உலர்த்தவும் போடும் குடிலும் அதைச் சுற்றிய இடமும். உப்பளத்து ஊர்களுக்குச் சென்றால் வாருதல் என்ற சொல்லைக் கேட்பீர்கள்: தலை வாருவதுபோலவே நீண்ட கழியுள்ள பலகையால் பாத்தியில் விளைந்த உப்பை இழுத்துச் சேர்ப்பது.

படி 6: எச்சரிக்கைச் சொற்களை மனப்பாடமாகவே கற்றுக்கொள்ளுங்கள்

மற்ற சொற்களில் தவறினால் மனத்தாங்கலோடு போகும்; இவற்றில் தவறினால் உயிர் போகும். கூண்டு என்பது உள்நாட்டில் கிளிக்கும் கைதிக்கும் உரியது. துறைமுகத்தில் அது கம்பத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் குறி. இரவில் அதற்குப் பதில் விளக்குகள் ஏற்றப்படும். மொத்தம் 11 எண்கள் உள்ளன. எண் கூடக் கூட ஆபத்தும் ஒரே சீராகக் கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது முழுவதும் சரியன்று. 1, 2 என்பவை தொலைவில் உள்ள புயலைப் பற்றியவை. 3, 4 என்பவை துறைமுகத்தின் உள்ளூர் வானிலையைப் பற்றியவை. 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே தரமுள்ள அபாயத்தையே குறிக்கின்றன. துறைமுகம் புயலின் பாதைக்கு இடப்பக்கம் இருக்குமா, வலப்பக்கம் இருக்குமா, புயல் துறைமுகத்தை ஒட்டியே கடக்குமா என்பதுதான் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு. 8, 9, 10 ஆகியவை அதே முறையில் பெரும் அபாயத்தைக் குறிக்கின்றன. 11 என்பது வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். ஐந்திலிருந்து ஆறுக்கு மாறியதும் புயல் வலுத்துவிட்டது என்று எழுதும் செய்தியாளர், இதைப் படித்தபின் அப்படி எழுத மாட்டார் என்று நம்புகிறேன்.

கள்ளக்கடல் என்பது கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் வழங்கும் சொல். கள்ளனைப் போல ஓசையின்றி வரும் கடல் என்று பொருள். உள்ளூரில் காற்றும் இராது, மழையும் இராது, வானம் தெளிவாகவே இருக்கும். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழுந்த புயல்காற்று கிளப்பிய நெடிய அலைகள் பல நாள் பயணம் செய்து திடீரெனக் கரையேறும். 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்தச் சொல்லை அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதத்தில், குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் இத்தகைய அலைக்கு ஐந்து மருத்துவ மாணவர்கள் பலியானார்கள். கடற்கரையில் ஒருவர் உங்களிடம் இந்தச் சொல்லைச் சொன்னால், வானத்தைப் பார்க்காமல் கரையைவிட்டு மேலே ஏறிவிடுங்கள்.

மைல் என்ற சொல்லையும் இந்தப் படியிலேயே சேர்க்கிறேன். தரையில் ஒரு மைல் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி விசைப்படகுகள் கரையிலிருந்து குறிப்பிட்ட கடல் மைல் தொலைவுக்கு அப்பால்தான் மீன்பிடிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட சுருக்குமடிக்கு, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகளோடு வழங்கிய இடைக்கால அனுமதி 12 கடல் மைலுக்கு அப்பால் என்று வரையறுத்தது. அந்தப் பன்னிரண்டைத் தரை மைலாகக் கணக்கிட்டால் எல்லைக் கோடு கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் கரையை நோக்கி நகர்ந்துவிடும். சிறு படகுக்காரரின் பிழைப்பு அந்த 3 கிலோமீட்டருக்குள் இருக்கக்கூடும்.

படி 7: அடுத்த ஊரில் சோதித்துப் பாருங்கள்

ஓர் ஊரில் கேட்ட பொருளைக் கடற்கரை முழுவதற்கும் உரியதாக எழுதிவிடாதீர்கள். குறைந்தது மூன்று இடங்களில் கேளுங்கள்: பக்கத்து மீனவ ஊர், தொலைவான ஒரு கரை, கடலே இல்லாத ஓர் ஊர். மூன்றாவது இடம் பலருக்கு வியப்பைத் தரும். தெற்குக் கரையில் சாளை என்றால் மத்தி மீன். கொங்கு நாட்டில் சாளை என்றால் தோட்டத்து வீடு. தூத்துக்குடிக்காரருக்கு வள்ளம் படகு. கொங்கு நாட்டு உழவருக்கு வள்ளம் தானியம் அளக்கும் அளவை.

எல்லா வேறுபாட்டையும் கடலின் கணக்கில் எழுதவும் கூடாது. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் குடிக்க வெள்ளம் கேட்டால் அது தண்ணீர். முதலில் திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடுமாக 1956 வரை இருந்த அந்த மண்ணில் மலையாளத்தோடு உள்ள நெருக்கமே அதற்குக் காரணம். மீன்பிடித் தொழிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

படி 8: ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முழுப் பதிவு எழுதுங்கள்

சொல்லையும் பொருளையும் இரண்டு பத்திகளாக எழுதும் பட்டியல் பயன்படாது. பேசியவரின் வாக்கியம் அதில் இராது என்பதால், பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் சரிபார்க்க வழியில்லை. வாக்கியத்தை அவர் உச்சரித்தபடியே எழுதி, ஊர், மாதம், அப்போது வீசிய காற்று, கையில் இருந்த வலை அல்லது கருவி, சொன்னவரின் வயது, அவர் செய்யும் வேலை ஆகியவற்றைச் சேருங்கள். பெயரை எழுதுவதென்றால் அவரிடம் அனுமதி பெறுங்கள். அச்சில் பயன்படுத்தும்போது, கடற்கரைச் சொல்லை நீக்கிவிட்டு உள்நாட்டுச் சொல்லை வைக்காதீர்கள். முதல் முறை வரும் இடத்தில் வாக்கியத்தின் போக்கிலேயே பொருள் விளங்கும்படி எழுதினால் போதும். எழுதியதை, அச்சுக்கு அனுப்புவதற்கு முன், சொன்னவரிடமே படித்துக் காட்டுங்கள்.

என் குறிப்பேட்டின் முதல் பதிவு இவ்வாறு இருக்கிறது. சொல்: பாடு. கேட்ட வாக்கியம்: "ஒரு வாரமா பாடே இல்ல, தம்பி." இடம்: இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை. காற்று: கச்சான், ஒரு வாரமாக. சொன்னவர்: மீன் விற்கும் மூதாட்டி, ஏறத்தாழ எழுபது வயது. அருகில் இருந்தது: காலிப் பெட்டி. பொருள்: கிடைத்த மீன், அதனால் வரும் வருமானம். சரிபார்த்த இடங்கள்: பக்கத்து ஊர், தூத்துக்குடி. குறிப்பு: மறுநாள் திரும்பிச் சென்று மன்னிப்புக் கேட்டேன், "இன்னைக்குக் கொஞ்சம் பாடு இருக்கு, உக்காருய்யா" என்றார்.